ஆத்திரத்தில் விழுந்த வெட்டு: அந்தக் கால் மணி நேரத்தைச் சட்டம் எப்படிப் பார்க்கும்?

கேள்வி: எனக்கு வயது 38. கணவரைப் பிரிந்து, 14 வயது மகளுடன் அம்மா வீட்டில் இருக்கிறேன். எங்களுக்குப் பங்காளி முறையில் வரும் ஒருவர் இரண்டு ஆண்டுகளாகக் குடித்துவிட்டு வந்து எங்கள் வாசலில் நின்று என்னைக் கேட்கக் கூசும் வார்த்தைகளால் ஏசுவார். காவல் நிலையத்தில் இரண்டு முறை மனு கொடுத்தேன். மனுவைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது இருக்கிறது, வேறொன்றும் நடக்கவில்லை. சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, டீக்கடையில் பத்துப் பேர் முன்னால், என் மகளைப் பற்றி என் தம்பியிடம் மிகக் கேவலமாகப் பேசியிருக்கிறார். தம்பி வீட்டுக்கு வந்தான், யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, தேங்காய் வெட்டும் அரிவாளை எடுத்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் திரும்பிப் போனான். கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தலையிலும் கழுத்திலும் மூன்று வெட்டு. தம்பி திரும்பி வந்ததைப் பார்த்ததும் அந்த ஆள் சிரித்துக்கொண்டே அதே வார்த்தையை மறுபடி சொன்னதாக டீக்கடைக்காரர் சொன்னாராம். பிறகு தம்பியே விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலரிடம்) போய் நடந்ததைச் சொல்லிவிட்டான். இப்போது 103ஆம் பிரிவில் சிறையில் இருக்கிறான். "ஆத்திரத்தில் செய்தது, கொலை வழக்கு நிற்காது, 304 ஆகிவிடும்" என்கிறார் ஒரு உறவினர். "அவன்தான் முதலில் கத்தியை எடுத்தான் என்று சொல்லச் சொல்லுங்கள்" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? விஏஓவிடம் சொன்னது கெடுதலா? என் மகளை நீதிமன்றத்துக்கு இழுப்பார்களா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது உங்கள் தம்பியின் ஆத்திரம் தெரிந்தது. இரண்டாம் முறை படித்தபோது, டீக்கடையிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து டீக்கடைக்கும் அவர் நடந்த நடை மட்டும் தெரிந்தது. நீதிபதி ஒருவர் இந்த வழக்கை எடுத்துப் பார்க்கும்போது பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் பார்ப்பார் என்பதால், நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் பிரிவு எண்களைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நிகழ்வு 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்திருப்பதால் இதற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் பொருந்தாது. பாரதிய நியாய சன்ஹிதாதான் பொருந்தும். உறவினர் சொல்லும் 304 என்பது பழைய சட்டத்தின் எண். புதிய சட்டத்தில் கொலைக்கு வரையறை 101ஆம் பிரிவு, தண்டனை 103ஆம் பிரிவு. கொலையாகாத மரணம் விளைவிக்கும் குற்றத்துக்குத் தண்டனை 105ஆம் பிரிவு. எண்கள்தான் மாறியிருக்கின்றனவே தவிர, நாம் இங்கே பேசப்போகும் முதல் விதிவிலக்கின் உள்ளடக்கம் 1860ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்ததுதான். ஆகவே பழைய பிரிவின் கீழ் வந்த தீர்ப்புகள் இன்றும் நமக்கு வழிகாட்டும்.

அந்த விதிவிலக்கு சொல்வது இதுதான்: கடுமையான, திடீரான ஆத்திரமூட்டலால் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் ஆற்றலை இழந்த நிலையில், ஆத்திரமூட்டியவரின் மரணத்தை ஒருவர் விளைவித்தால், அது கொலை ஆகாது. தவறுதலாகவோ தற்செயலாகவோ வேறொருவர் இறந்துபோனாலும் இதுவே பொருந்தும். ஆனால் ஒருவர் மூட்டிய ஆத்திரத்தை அவருடைய பிள்ளையின் மேல் தெரிந்தே தீர்த்துக்கொண்டால் அது கொலைதான் என்று சட்டமே எடுத்துக்காட்டுத் தந்து சொல்கிறது. இதற்கு மூன்று தடைகளும் உண்டு. கொல்வதற்குச் சாக்காக அந்த ஆத்திரமூட்டலைத் தானே தேடிப் போயிருக்கவோ வேண்டுமென்றே வரவழைத்திருக்கவோ கூடாது. சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து செய்த செயலோ, அரசு ஊழியர் தம் அதிகாரத்தை முறையாகப் பயன்படுத்திச் செய்த செயலோ ஆத்திரமூட்டலாகக் கருதப்படாது. தற்காப்பு உரிமையை முறையாகப் பயன்படுத்தியவரின் செயலும் அப்படியே. உங்கள் தம்பியின் வழக்கில் பின்னிரண்டுக்கும் வேலை இல்லை. முதல் தடைக்கு வேலை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. "கொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு இல்லை" என்று சொல்வதும், "ஆத்திரமூட்டப்பட்டு நிலை இழந்து செய்தான்" என்று சொல்வதும் ஒன்றல்ல. தலையிலும் கழுத்திலும் அரிவாளால் மூன்று வெட்டு விழுந்திருக்கும்போது எண்ணம் இல்லை என்று வாதிடுவது வீண் முயற்சி. அது நீதிபதிக்கு நம் மேல் இருக்கும் நம்பிக்கையையும் குறைத்துவிடும். ஆத்திரமூட்டல் என்ற விதிவிலக்குக்கு எண்ணம் இல்லாமல் இருக்க வேண்டும் என்ற தேவையே இல்லை. கொல்லும் எண்ணத்தோடே வெட்டியிருந்தாலும், அந்த எண்ணம் கட்டுக்கடங்காத கொதிப்பில் பிறந்தது என்று காட்ட முடிந்தால், குற்றம் கொலையிலிருந்து ஒரு படி இறங்கும். மனிதன் உடைந்துபோகும் ஒரு கணம் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு சட்டம் காட்டும் இரக்கம் அது, விடுதலை அல்ல.

அந்த இரக்கத்துக்கு இரண்டு கதவுகள்: கடுமை, திடீர்த் தன்மை. இரண்டும் சேர்ந்தே திறக்க வேண்டும்.

கடுமை பற்றி எனக்கு அதிகக் கவலை இல்லை. வெறும் வார்த்தை ஆத்திரமூட்டலாகுமா என்று கேட்டால், இந்தியாவில் ஆகும். 1961 நவம்பரில் நானாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. குற்றம் சாட்டப்பட்டவர் எந்தச் சமூகச் சூழலைச் சேர்ந்தவரோ அதே சூழலைச் சேர்ந்த, நிதானமுள்ள ஒரு மனிதர் அந்த நிலையில் இருந்தால் தன் கட்டுப்பாட்டை இழப்பாரா என்பதே அளவுகோல். சொற்களும் சைகைகளும்கூடச் சில சூழ்நிலைகளில் போதும். இறந்தவர் முன்பு செய்த செயல்கள் உருவாக்கிவைத்த மனப் பின்னணியையும் கணக்கில் எடுக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. பத்துப் பேர் கூடியிருக்கும் டீக்கடையில், 14 வயதுப் பெண் பிள்ளையைப் பற்றி அவளுடைய தாய்மாமனிடமே இழிவாகப் பேசுவது என்பது நம் ஊர்களில் எவ்வளவு பெரிய காயம் என்பதை நீதிபதிக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை இருக்காது. அதற்குப் பின்னால் இரண்டு ஆண்டு ஏச்சும், பதில் கிடைக்காத இரண்டு மனுக்களும் இருக்கின்றன. இந்தப் பின்னணியில் கடுமை நிறுவப்படுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

சிக்கல் இருப்பது திடீர்த் தன்மையில்தான். அதே நானாவதி தீர்ப்பையே அரசுத் தரப்பு உங்கள் தம்பிக்கு எதிராகவும் எடுத்துவைக்கும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கடற்படை அதிகாரி கமாண்டர் கவாஸ் நானாவதி, 1959 ஏப்ரல் 27 அன்று, தம் மனைவிக்கும் பிரேம் அகூஜா என்பவருக்கும் இருந்த உறவை மனைவியின் வாயாலேயே அறிந்தார். அதன்பின் மனைவியையும் குழந்தைகளையும் திரையரங்கில் கொண்டுபோய் விட்டார். கப்பலுக்குப் போய்ப் பொய்க் காரணம் சொல்லிக் கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் பெற்றார். அகூஜாவின் அலுவலகத்துக்குப் போய், அங்கே அவர் இல்லாததால் வீட்டுக்குப் போய்ச் சுட்டார். வீட்டை விட்டுக் கிளம்பியதற்கும் சுட்டதற்கும் இடையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் இருந்தது. ஜூரிகளில் எட்டுப் பேர் அவர் குற்றமற்றவர் என்றார்கள், ஒருவர் மட்டும் மறுத்தார். அமர்வு நீதிபதி அந்த முடிவை ஏற்காமல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே கொலைக்குற்றம் உறுதியாகி, உச்ச நீதிமன்றமும் ஆயுள் தண்டனையை நிலைநிறுத்தியது. அடி விழுந்தது ஆத்திரத்தின் பிடியில் இருக்கும்போதா, ஆத்திரம் தணிந்து திட்டமிடுவதற்கு இடம் கிடைத்த பிறகா என்பதுதான் கேள்வி என்றது உச்ச நீதிமன்றம். அந்த மூன்று மணி நேரத்தில் அவர் செய்த காரியங்கள் ஒவ்வொன்றும், எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கும் நிதானம் அவருக்கு வந்துவிட்டதைக் காட்டின.

இதைப் படித்துவிட்டு "அவருக்கு மூன்று மணி நேரம், என் தம்பிக்குக் கால் மணி நேரம்தானே" என்று நீங்கள் நினைப்பீர்கள். அந்த வேறுபாடு உண்மையானது, பயனுள்ளதும்கூட. ஆனால் இத்தனை நிமிடத்துக்குள் செய்தால் விதிவிலக்கு, அதைத் தாண்டினால் கொலை என்று சட்டத்தில் கடிகாரக் கணக்கு எதுவும் கிடையாது. அந்த இடைவெளியில் மனிதர் என்ன செய்தார் என்பதே பார்க்கப்படும். கையில் இருந்த பொருளால் அங்கேயே அடிப்பது ஒன்று; வீட்டுக்குப் போய், ஆயுதம் எடுத்து, திரும்பி நடந்துவந்து வெட்டுவது வேறொன்று. ஒவ்வோர் அடியும் திரும்பிப் போக ஒரு வாய்ப்பு என்று அரசு வழக்கறிஞர் வாதிடுவார். அவர் அப்படி வாதிடாவிட்டால்தான் நான் ஆச்சரியப்படுவேன். 2014இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ஒரு ராணுவ வழக்கில், மேலதிகாரியால் மதியம் மிகக் கொடிய பாலியல் இழிவுக்கு ஆளான வீரர், அன்று இரவு காவல் பணியில் இருந்தபோது அவரைச் சுட்டார். இழிவின் கடுமையை நீதிமன்றம் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் இடையில் கழிந்த மணி நேரங்கள் திடீர்த் தன்மையை இல்லாமலாக்கிவிட்டன என்று கூறிக் கொலைக்குற்றத்தை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை என்பதை மறைக்கவில்லை. ஆனால் அதுவும் சட்டம்தான். உங்கள் வழக்கறிஞர் அதை எதிர்கொண்டே ஆக வேண்டும்.

இங்கேதான் நம் சென்னை உயர் நீதிமன்றம் நூறாண்டுக்கும் மேலாக வளர்த்துவந்த ஒரு வழி உங்களுக்குக் கை கொடுக்கக்கூடும். 1881இல் வந்த ஒரு வழக்கு. ஒருவர் தம் மனைவி தம் பகைவனுடன் சேர்ந்திருந்ததைக் கண்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை கூலி வாங்கப் போன இடத்தில், அந்த இருவரும் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைக் கண்டார். அரிவாளால் அந்த ஆளை வெட்டினார். இரவைக் கணக்கில் எடுத்தால் ஆத்திரம் ஆறியிருக்க வேண்டும். காலையில் கண்டது வெறும் சாப்பாடு. ஆனால் நீதிபதிகள் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. முதல் நாள் கண்டதோடு சேர்த்துப் பார்க்கும்போது, இனி எதையும் மறைக்கப் போவதில்லை, உன் மனம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதாகவே அந்தக் காட்சி அவருக்குப் பட்டிருக்கும் என்று கூறி, விதிவிலக்கை அளித்தார்கள். நானாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பழைய தீர்ப்பையும் எடுத்துப் பேசியிருக்கிறது. பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் "தொடர் ஆத்திரமூட்டல்" என்ற கருத்தாக விரித்தது. 1989இல், பிள்ளைகளோடு சாகத் துணிந்த ஒரு தாயின் வழக்கில், நம் நாட்டுப்புறக் கதையின் நல்லதங்காளை நினைவுகூர்ந்து அந்த மனநிலைக்கு அவள் பெயரையே சூட்டியது. சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கும் விதிவிலக்குகளோடு நீதிமன்றம் தானாக ஒன்றைச் சேர்க்கலாமா என்று சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

அதனால் நான் அதிகம் நம்புவது உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தந்த தீர்ப்பைத்தான். குடியால் குடும்பத்தை நெடுநாளாக வதைத்துவந்த சகோதரனைக் கொன்ற ஒருவரின் வழக்கு அது. சட்டம் கேட்கும் திடீர்த் தன்மையைக் கைவிடாமலே, கடைசியாக நிகழ்ந்த தூண்டுதலைத் தனியே நிறுத்தி எடைபோடாமல், அதற்கு முன் அடுக்கடுக்காக நிகழ்ந்தவற்றின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு விளக்குகிறது. கொலைக்குற்றம் கொலையாகாத மரணமாகக் குறைக்கப்பட்டது. இதன் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். இரண்டு ஆண்டு ஏச்சு தானே ஒரு விதிவிலக்காகிவிடாது; கடைசியில் ஒரு தீப்பொறி இருந்தாக வேண்டும். இரண்டு ஆண்டு ஏச்சு என்பது அந்தப் பொறி விழுந்த வைக்கோற்போர்.

ஆகவே உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி, தம்பி திரும்பி வந்தபோது இறந்தவர் சிரித்துக்கொண்டே அதே வார்த்தையை மறுபடி சொன்னார் என்பது. அது உண்மையாக இருந்து, நிரூபிக்கவும் முடிந்தால், வெட்டுக்கும் ஆத்திரமூட்டலுக்கும் இடையிலான தொலைவு கால் மணி நேரத்திலிருந்து சில நொடிகளாகச் சுருங்கும். 1881 வழக்கின் மறுநாள் காலைக் காட்சிக்கு ஒப்பானதாகிவிடும். ஆனால் இதிலும் ஒரு முள் இருக்கிறது. நானாவதியும் அகூஜாவின் அறைக்குள் நுழைந்ததும் அவரைத் திட்டியதாகவும், அகூஜா திமிராகப் பதில் சொன்னதாகவும், அதன் பிறகே சுட்டதாகவும் வாதிட்டார். தானே போய்த் திட்டி, அதற்குப் பதிலாக ஒரு திட்டு வாங்கினால் அது கொலைக்குரிய ஆத்திரமூட்டல் ஆகாது என்று நீதிமன்றம் அதை ஒதுக்கிவிட்டது. நான் முன்பு சொன்ன முதல் தடையும் இங்கேதான் வந்து நிற்கிறது. அரிவாளோடு போய் "இப்போது சொல் பார்க்கலாம்" என்று தம்பி கேட்டு, அதன் பிறகு அந்த ஆள் சொன்னாரா, அல்லது தம்பி வாய் திறப்பதற்கு முன் அவராகவே சொன்னாரா? இந்த ஒரு கேள்விக்கான விடையில் பல ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன.

அந்த விடை டீக்கடைக்காரரிடமும் அங்கே இருந்த மற்றவர்களிடமும் இருக்கிறது. தயவுசெய்து நீங்களோ உறவினர்களோ அவரைப் போய்ப் பார்க்காதீர்கள். அவர் அரசுத் தரப்புச் சாட்சியாகவே இருப்பார். நீங்கள் அவரைச் சந்தித்தது தெரிந்தால், உண்மையைச் சொல்லும் சாட்சிகூடச் சொல்லிக்கொடுக்கப்பட்ட சாட்சியாகிவிடுவார். உங்கள் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் அதை வெளிக்கொணரட்டும். அரசுத் தரப்புச் சாட்சியின் வாயிலிருந்தே ஆத்திரமூட்டல் வெளிவருவதுதான் நம் தரப்புக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த ஆதாரம். விதிவிலக்கை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. ஆனால் அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படித்தான் நடந்திருக்கும் என்று கருதுவதற்கு மிகுந்த வாய்ப்பு இருப்பதைக் காட்டினால் போதும். அதற்காகத் தம்பி சாட்சிக் கூண்டில் ஏறியே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

செருப்பைப் போடாமல் போனார், யாரிடமும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அவை சின்ன விஷயங்களாகத் தோன்றலாம். எனக்கு அவை அந்தக் கால் மணி நேரத்தின் உட்புறம். நானாவதியைப் போல அவர் யாரையும் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய் விடவில்லை, யாரிடமும் பொய் சொல்லவில்லை, ஓடிப்போக வழி தேடவில்லை. வெட்டிய கையோடு தானே விஏஓவிடம் போனார். பேசாமல் போனதை நிதானம் என்று அரசுத் தரப்பு சொல்லும், கொதிப்பு என்று நாம் சொல்வோம். கூடவே வெறுங்காலோடு போனார் என்பதும் சேரும்போது நம் விளக்கத்துக்கு வலு கூடுகிறது. அம்மா கண்டதை அம்மாதான் சொல்ல வேண்டும். உறவினர் சாட்சி என்பதற்காகவே நீதிமன்றம் ஒருவரின் சொல்லைத் தள்ளிவிடாது, சற்றுக் கவனமாகப் பார்க்கும், அவ்வளவுதான். அம்மாவுக்கு என்ன நினைவிருக்கிறதோ அதை எதுவும் சேர்க்காமல், குறைக்காமல், இப்போதே வழக்கறிஞரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

விஏஓவிடம் சொன்னது கெடுதலா என்ற கேள்விக்கு, ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. காவல் துறை அதிகாரியிடம் தந்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. விஏஓ காவல் துறை அதிகாரி அல்லர் என்பதால் அவரிடம் சொன்னதைச் சாட்சியமாக வைக்க முடியும். முன்பின் பழக்கமில்லாத விஏஓவிடம் ஒருவர் ஏன் போய் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் ஐயப்பட்டதுண்டு. சில வழக்கறிஞர்கள் அந்த வாக்குமூலத்தையே பொய் என்று உடைக்கப் பார்ப்பார்கள். பத்துப் பேர் பார்த்த நிகழ்வில் அதை உடைத்து உங்களுக்கு என்ன கிடைக்கப் போகிறது? அந்த வாக்குமூலத்தில், "என் அக்கா மகளைப் பற்றி இப்படிப் பேசினான், திரும்பப் போனபோதும் அதையே சொன்னான், தாங்க முடியாமல் வெட்டிவிட்டேன்" என்று இருந்தால், அதை எழுதியவரே அரசு ஊழியர். சம்பவம் நடந்த சூட்டில் எழுதியது. வழக்கறிஞர் யாரும் பக்கத்தில் இல்லாதபோது சொன்னது. வெட்டியதாகச் சொன்ன பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏன் வெட்டினேன் என்று சொன்ன பாதியைத் தள்ளிவிடுவது அரசுத் தரப்புக்கு எளிதல்ல. அதில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் நான் மேலே எதுவும் சொல்லக் கூடாது. குற்றப்பத்திரிகை தாக்கலானதும், அதோடு சேர்ந்த ஆவணங்களின் நகல்கள் தம்பிக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். அவற்றில் முதலில் படிக்க வேண்டியது அந்தத் தாளைத்தான். அடுத்து உடற்கூறாய்வு அறிக்கை. வெட்டுகள் முன்னாலிருந்தா பின்னாலிருந்தா, உட்கார்ந்திருந்தபோதா நின்றபோதா என்பது டீக்கடைக்காரர் சொல்வதோடு பொருந்த வேண்டும். சிரித்துக்கொண்டே பேசியவருக்கு முதுகுப் பக்கத்தில் வெட்டு விழுந்திருந்தால் நமக்குக் கஷ்டம்.

"அவன்தான் முதலில் கத்தியை எடுத்தான்" என்று சொல்லச் சொல்லும் உறவினரின் யோசனையை நான் முற்றாக நிராகரிக்கிறேன். அது பொய் என்பது முதல் காரணம். எனக்கு அதுவே போதும். வழக்கின் நலனை மட்டும் பார்த்தாலும் அது தற்கொலைக்குச் சமம். கத்தி எடுத்தான் என்றால் அது தற்காப்பு வாதம். வீட்டுக்குப் போய் அரிவாளோடு திரும்பி வந்தவருக்குத் தற்காப்பு உரிமை எங்கிருந்து வரும்? பத்துப் பேர் பார்த்த இடத்தில் யாரும் பார்க்காத ஒரு கத்தியைக் கொண்டுவந்தால், உண்மையான ஆத்திரமூட்டலும் அந்தக் கத்தியோடு சேர்ந்து பொய்யாகிவிடும். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து இரண்டு குடும்பத்தையும் சமாதானம் செய்துவைத்தால் வழக்கு முடிந்துவிடும் என்றும் யாராவது சொல்லக்கூடும். கொலையும் சரி, கொலையாகாத மரணமும் சரி, இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்கள் அல்ல.

குற்றம் ஒரு படி இறங்கினால் என்ன தண்டனை? கொலைக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. அதற்குக் கீழே நீதிபதிக்கு வழி இல்லை. 105ஆம் பிரிவில், கொல்லும் எண்ணத்தோடு செய்த பகுதிக்கு ஆயுள் தண்டனை, அல்லது 5 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். பழைய 304இல் இந்த 5 ஆண்டு என்ற கீழ்வரம்பு கிடையாது. புதிய சட்டம் சேர்த்தது. எனவே பழைய வழக்குகளில் மூன்று ஆண்டு, நான்கு ஆண்டில் வெளியே வந்தவர்களின் கதைகளை உறவினர்கள் சொன்னால் நம்பி மனத்தில் கோட்டை கட்டாதீர்கள். விசாரணைக் கைதியாக இருந்த காலம் சிறைத் தண்டனையில் கழிக்கப்படும். குறிப்பிட்ட குற்றம் கொலை என்றே சாட்டப்பட்டிருந்தாலும், விசாரணை முடிவில் அதற்குக் குறைந்த குற்றத்துக்கே தண்டிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஆத்திரமூட்டல் போதுமான அளவு கடுமையானதா, திடீரானதா என்பது நிகழ்வு பற்றிய கேள்வி என்று சட்டமே விளக்கம் தந்திருப்பதால், சாட்சி விசாரணைக்கு முன்பே பிரிவு மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அமர்வு நீதிமன்றத்தில் கிடைக்காத இந்தக் குறைப்பு மேல்முறையீட்டில் கிடைத்த வழக்குகளும் உண்டு. ஆனால் மேல்முறையீட்டு நீதிபதி பார்ப்பது கீழ் நீதிமன்றத்தில் பதிவான சாட்சியத்தைத்தான். குறுக்கு விசாரணையில் கேட்காமல் விட்ட கேள்வியை அங்கே போய்க் கேட்க முடியாது.

இந்த விதிவிலக்கைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஒன்றைச் சொல்லாமல் விட என்னால் முடிவதில்லை. மனைவியைக் கொன்ற கணவர்களும், சாதி மாறித் திருமணம் செய்த மகளைக் கொன்ற தகப்பன்மார்களும் இதே கதவைத்தான் தட்டுகிறார்கள். குடும்ப மானத்துக்காகச் செய்யும் கொலை மரண தண்டனைக்குரிய அரிதினும் அரிதான வழக்கு வகையைச் சேரும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நமக்கு இந்தக் கருத்தைக் கொடுத்த இங்கிலாந்திலேயே 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஆத்திரமூட்டல் என்ற பழைய எதிர்வாதத்தை நீக்கிவிட்டுக் கட்டுப்பாடு இழத்தல் என்ற புதிய ஒன்றைக் கொண்டுவந்தது. அது திடீரென்று நிகழ வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இப்போது இல்லை, அதே வேளையில் துணையின் ஒழுக்கப் பிறழ்வை மட்டுமே காரணமாகக் காட்டவும் முடியாது. இங்கே அப்படியொரு திருத்தம் வரவில்லை. உங்கள் தம்பியின் வழக்கறிஞர், பெண்ணின் மானம் போய்விட்டது என்ற தொனியில் வாதிடாமல், ஒரு குழந்தையின் மேல் வீசப்பட்ட இழிவு, பாதுகாப்புக் கேட்டுப் போன குடும்பத்துக்குக் கிடைக்காத பாதுகாப்பு என்ற நிலையிலிருந்து வாதிடுவது நல்லது. சட்டத்துக்கும் அது பொருத்தம், உங்கள் மகளுக்கும் அது மரியாதை.

அதற்கு அந்த இரண்டு சிஎஸ்ஆர் ரசீதுகள் இன்றியமையாதவை. அசலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நகலை வழக்கறிஞரிடம் கொடுங்கள். மனுக்களின் பதிவை நீதிமன்றத்தின் வழியாகக் காவல் நிலையத்திலிருந்து வரவழைக்கவும் அவர் மனு செய்யலாம். இறந்தவர் உங்கள் வாசலில் நின்று ஏசியதை யாராவது கைப்பேசியில் பதிவு செய்திருந்தால் அந்தக் கைப்பேசியை மாற்றவோ விற்கவோ வேண்டாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால், காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு; மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சிறையிலிருந்தே தம்பி மனு எழுதலாம், நீங்கள் 15100 என்ற எண்ணில் கேட்கலாம். 90 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை பிறக்கும் என்பதால், ரிமாண்ட் செய்த தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் மகள். அவள் டீக்கடையில் இல்லை. அங்கே என்ன பேசப்பட்டது என்பதை அவள் காதால் கேட்கவில்லை. அதை நிரூபிக்க, கேட்டவர்கள் வந்து சொன்னால் போதும். அவள் கூண்டில் ஏற வேண்டிய தேவை எதுவும் எனக்குத் தெரியவில்லை. வாசலில் நடந்த ஏச்சுகளை நீங்களே சொல்லலாம். அந்த வார்த்தைகள் சாட்சியத்தில் அப்படியே பதிவாகும் என்பதை மட்டும் நீங்கள் மனத்தில் தயாராக வைத்திருக்க வேண்டும். மெழுகிப் பேசினால் அவற்றின் கடுமை நீதிபதிக்குத் தெரியாமல் போய்விடும். அவளுடைய பெயரைச் சாட்சியத்தில் சொல்லாமல் "என் மகள்" என்று மட்டும் குறிப்பிட அனுமதி கேட்கும்படியும், அந்தப் பகுதி விசாரணையை மூடிய அறைக்குள் வைத்துக்கொள்ளும்படியும் வழக்கறிஞர் நீதிபதியிடம் வேண்டுகோள் வைக்கலாம். மாமா என்ன செய்தார், ஏன் செய்தார் என்று அவள் உங்களிடம் கேட்டால், ஊரார் சொல்லித் தெரிந்துகொள்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். அது அவளால் நடந்தது அல்ல என்பதையும் சேர்த்து.